சூட்டில் எடுக்காது

"போடு தங்கச்சி" என்று வண்டிக்கு அடியில் இருந்து சிக்கந்தர் அண்ணன் குரல் கொடுத்தார். சாவியைத் திருப்பினேன். கடக். அவ்வளவுதான், ஒரே ஒரு கடக், அப்புறம் ஜீப் வாயைத் திறக்கவில்லை. "விட்டுட்டு மறுபடி போடு." கடக். இந்தச் சத்தத்தை நான் எங்கெல்லாம் கேட்டுவிட்டேன், முந்தல் செக்போஸ்ட்டில், பூப்பாறை கடைவீதியில், போடி ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கப் பார்க்க, ஏன், தூக்கத்தில்கூட. தூக்கத்தில் உன் வலது கை தானாகத் திரும்புகிறது லோகு என்று என் வீட்டுக்காரர் சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எரிகிறது. ஆனால் இன்றைக்கு இந்தக் கடக் எனக்கு வேண்டும். சிக்கந்தர் அண்ணன் பட்டறைக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் ஆறிவிடாதே, அங்கே வந்து எடுத்துக்கொண்டு என் மானத்தை வாங்காதே என்று ஸ்டியரிங்கிடம் வேண்டிக்கொண்டே மலையிறங்கினேன். ஏலத்தோட்டத்துப் பெண்களை ஸ்டாண்டில் இறக்கும்போதும் இன்ஜினை அணைக்கவில்லை. ஓடுகிற வண்டியில் இருந்தா இறங்கச் சொல்கிறாய் என்று ஒருத்தி திட்டினாள், திட்டட்டும். நேரே இங்கே வந்து, சிக்கந்தர் அண்ணன் கண் முன்னால்தான் அணைத்தேன். சூட்டோட பாருங்கண்ணே, இப்பவே பாருங்க, ஆறவிட்டுப் பாக்காதீங்க என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். ஏனென்றால் எனக்கு இன்றைக்கு விட்டால் நாளை கிடையாது. நேற்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். "நாளை ஒருநாள் போயிட்டு வா. அதுக்கப்புறம் வண்டிய சுருளி எடுக்கட்டும். உன் கைக்கு அது ஒத்துவரல." உன் கைக்கு. ஸ்டாண்டில் வேறு எவன் வண்டி நின்றாலும் என்ன சொல்கிறார்கள்? செல்ஃப் வீக்கு, பிரஷ் போயிருக்கும், பிரிச்சுப் பாரு. என் வண்டி நின்றால் மட்டும் கைராசி இல்லை. ஜீப்பில் சாவி போட்டதும் இன்ஜினைச் சுற்றிவிடச் செல்ஃப் மோட்டார் என்று ஒரு சாமான் இருப்பதே ஊருக்கு மறந்துபோகிறது, அதற்குப் பதிலாக என் கையை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். கோளாறு வண்டியில இருக்கு, சிக்கந்தர் அண்ணன்ட்டக் காட்டப் போறேன் என்றேன். யார்ட்ட வேணும்னாலும் காட்டு என்று சொல்லிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். முதுகில் ஜவ்வு விலகிக் கட்டிலோடு கிடக்கிற மனுஷன், பாவம் என்றுதான் அதற்கு மேல் பேசாமல் விட்டேன், வாயில் வந்ததையெல்லாம் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன், இன்னும் செரிக்கவில்லை.

கைராசிக்காரர் யார் என்றால் என் கொழுந்தன் சுருளிராஜ். நல்லவன்தான், ஒருத்தரைக் கெடுக்க நினைக்க மாட்டான், அதுதான் இன்னும் கோபம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். ஊரில் யாராவது போர் போட்டால் முதலில் சுவிட்சைத் தட்ட இவனைக் கூப்பிடுகிறார்கள், புது பைக் வாங்கினால் முதல் உதை இவன்தான், அதெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்தது என்றால் என் ஜீப்பில் இருந்து ஆரம்பித்தது. சாயங்காலம் நான் பெண்களை இறக்கிவிட்டு வண்டியை அணைப்பேன், வீட்டுக்குக் கிளம்பத் திருப்பினால் கடக். பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். இறங்கும்மா நான் போடுறேன் என்று ஒருவன், க்ளட்ச்சை மிதிச்சியா என்று ஒருவன், பொம்பள கைல குடுத்தா இப்படித்தான் என்று பின்னால் ஒருவன், அவன் மட்டும் முகத்தைக் காட்ட மாட்டான். டீக்கடை பெஞ்சில் இருந்து சுருளி கையைத் தூக்கிக் காட்டுவான். "இந்தா வந்துட்டேன் மதினி, டீயக் குடிச்சிட்டு வந்துர்றேன்." டீயைக் குடிப்பான். ஆற்றி ஆற்றிக் குடிப்பான். ஒரு வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்ப்பான், பேப்பரில் ஒரு பக்கம் பார்ப்பான், வருகிற வழியில் யாரிடமாவது கல்யாணப் பேச்சு பேசுவான், அப்புறம் வந்து சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்புவான். எடுத்துவிடும். உடனே ஸ்டாண்டே சிரிக்கும், அது கைராசிப்பா. நானும் நம்பினேன். அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கூசுகிறது, நானும்தான் நம்பினேன், சாவியைத் தொடும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய நாளெல்லாம் உண்டு. அவன் தேவாரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த அன்றைக்குத்தான் பிடிபட்டது. வண்டி நின்றது, அவன் போனை எடுக்கவில்லை, சுற்றி நின்றவர்களும் அலுத்துப்போய்க் கலைந்தார்கள், நான் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஆத்திரத்தில் ஒரு திருப்பு, நம்பிக்கையெல்லாம் இல்லை, கையை உடைத்துக்கொள்ளத்தான் திருப்பினேன், எடுத்துவிட்டது. அப்புறம் பூப்பாறையில் பார்த்தேன், செக்போஸ்ட்டில் பார்த்தேன். அணைத்த உடனே போட்டால் எடுக்காது. உட்கார்ந்து ஆறவிட்டுப் போட்டால் எடுக்கும். வண்டியை எடுக்கவைத்தது கொழுந்தனுடைய கை இல்லை, கொழுந்தன் குடித்த டீ. இதை அவனிடமே சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், ஸ்டாண்டில் போய்ச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான், மதினி என்னமா பேசுறாங்கப்பா என்று பெருமையாகத்தான் சொன்னான். வண்டியைக் கொண்டுபோய்ப் பேட்டரி மாற்றி வந்ததும் அவன்தான். புது பேட்டரி போட்ட அன்றைக்கும் கடக். பேட்டரியும் புதுசு, அப்ப வேறென்ன, கைதான்.

"லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்பு" என்றார் சிக்கந்தர் அண்ணன், முன்னால் போய் நின்றுகொண்டு. திருப்பினேன், ஹெட்லைட் அப்படியே மங்கிச் சுருங்கியது, விட்டதும் பிரகாசமாக எரிந்தது. "பேட்டரி நல்லாருக்கு. கரண்டு போகுது. வாங்கிட்டு மோட்டார்தான் சுத்த மாட்டேங்குது" என்றார். மோட்டார், மோட்டார் என்று சொன்னார், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அந்த நேரம் பார்த்துத்தான் சுருளியின் பைக் வந்து நின்றது. "வீட்ல இருந்து அண்ணன் போன் போட்டுச்சு மதினி. நீங்க இங்க வந்திருப்பீங்க, போய்ப் பாருன்னுச்சு." பைக் கண்ணாடியில் ஒரு எலுமிச்சம்பழப் பையைத் தொங்கவிட்டிருந்தான். நான் இறங்கினேன். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, சாவியை எடுத்து அவனிடம் நீட்டினேன். "தம்பி, நீங்க போடுங்க." அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான், சாவியைக் கண்ணில் ஒற்றினான், திருப்பினான். கடக். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. மறுபடி திருப்பினான், கடக். வலது கையை வேட்டியில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை. கடக். டீ குடிக்காம வந்துட்டீங்களே தம்பி என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. அவன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தான், பிறகு முகம் தெளிந்தது. "மதினி பக்கத்துல நிக்கிறாங்கல்லண்ணே, அதான்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. விஷயம் புரிந்துவிட்ட நிம்மதியோடு சொன்னான். சிக்கந்தர் அண்ணன் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், துணியில் கையைத் துடைத்தார். "சரி, அதையும் பாத்துருவோம். நீ கொஞ்சம் தள்ளி நில்லு தங்கச்சி." நான் தள்ளி நின்றேன். சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம், புரோட்டாக் கடை வாசலில் போய் நின்றேன், சிக்கந்தர் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைக்காக நின்றேன், ஆனால் நிற்கும்போதுதான் தெரிந்தது நான் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று. தீட்டுக்காரியைப் போல ரோட்டைத் தாண்டி நிற்கிறேன், என் வண்டியில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான், கடைக்காரன் மாவை வீசிக்கொண்டே என்னக்கா என்று கேட்கிறான், ஒண்ணுமில்ல என்கிறேன். இங்கே இருந்து கடக் கேட்கவில்லை, அவன் தோள் அசைவது மட்டும் தெரிகிறது.

தோள் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த வளைவு வந்துவிடுகிறது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வருகிறது. போடிமெட்டு ஏற்றத்தில் மேலேயிருந்து ஒரு லாரிக்காரன் வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கினான், நான் ஒதுங்கி ஒதுங்கி ஓரத்துக்குப் போனேன், ஏற்றத்தில் இன்ஜின் இழுக்க முடியாமல் நின்றுபோனது. லாரி போய்விட்டது. நான் திருப்பினேன், கடக். பின்னால் ரோடு கொஞ்சம்தான், அதற்கப்புறம் பள்ளத்தாக்கு, கீழே போடி ஊர் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியாக. ஹேண்ட் பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாது, கால் பிரேக்கை மிதித்து மிதித்துத் தொடை நடுங்குகிறது. இறங்குங்கக்கா எல்லாரும் இறங்குங்க என்று நான் கத்த, பெண்கள் தூக்குவாளியோடும் மழைக்குப் போர்த்துகிற கொங்காணியோடும் விழுந்து எழுந்து இறங்கினார்கள். காமுத்தாய் அக்காதான் ஓடிப்போய் ஒரு கல்லைப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தாள், கல் நகர்ந்தது, இன்னொரு கல். அங்கே டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல எவனும் இல்லை. ஆறட்டும் என்று காத்திருக்கவும் முடியாது, எனக்குப் பின்னால் வருகிறவன் வளைவில் என்னைப் பார்க்க மாட்டான். சாவிக்கு எடுக்காத வண்டியை உருட்டித்தான் எடுக்க வேண்டும், கல்லை எடுக்கச் சொன்னேன். ரிவர்ஸ் கியரைப் போட்டு, க்ளட்ச்சை மிதித்து, பிரேக்கை விட்டேன். வண்டி பின்னால் போகிறது, பள்ளத்தைப் பார்த்துப் போகிறது, கண்ணாடியில் வானம் மட்டும் தெரிகிறது, வேகம் வரட்டும் இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று என் வாய் சொல்கிறது, க்ளட்ச்சைச் சட்டென்று விட்டேன், ஒரு உலுக்கு, இன்ஜின் பிடித்துக்கொண்டது, பிரேக். என் முதுகெல்லாம் தண்ணீர்.  எல்லாரும் பேசாமல் ஏறினார்கள், அன்றைக்கே காமுத்தாய் அக்கா எங்கள் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள், நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் அவ கைக்கு அது எடுக்கல தம்பி, எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு என்றாளாம். எடுக்காத வண்டியை எடுத்து அவர்களை மேலே கொண்டு சேர்த்தது எந்தக் கை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நானும் அதை வீட்டில் எடுத்துச் சொல்லவில்லை, சொல்லாமலே புரியும் என்று நினைத்தேன், ஓட்டின மனுஷனுக்குப் புரியாதா.

சிக்கந்தர் அண்ணன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டி வரச் சொன்னார். "நீ தள்ளி நின்னாலும் எடுக்கல, கிட்ட நின்னாலும் எடுக்கல. ஏறு." அவர் ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன், அவர் மோட்டார் உடம்பில் நாலு தட்டுத் தட்டினார், சட்டென்று சுழன்று வண்டி எடுத்துவிட்டது. "ம், பிரஷ்ஷு ஒட்டாமக் கெடக்கு. அது மட்டும் இல்ல. கழட்டுவோம்." சுருளி பைக்கில் சாய்ந்து நின்றான். பேட்டரி வயரைக் கழற்றி, மோட்டாருக்கு வருகிற தடி வயரைக் கழற்றி, சாக்கைச் சுற்றிக்கொண்டு போல்ட்டுகளை எடுத்தார், சூடு தாங்காமல் ரெண்டு தடவை கையை உதறினார், கடைசியில் மோட்டாரைக் கைக்குழந்தையை ஏந்துவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். இதுவா. இவ்வளவு கனமும் இவ்வளவு அழுக்குமாக ஒன்று அங்கே உட்கார்ந்துகொண்டு என் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்ததா. மேஜையில் வைத்துப் பிரித்தார். கரித்தூளாகக் கொட்டியது. உள்ளே கரண்டைத் தொட்டுக் கொடுக்கிற கார்பன் பிரஷ் நகத்தளவாகத் தேய்ந்திருந்தது. உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார், ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தது. "ரெண்டு முனையிலயும் தாங்குற புஷ்ஷு தேஞ்சுபோச்சு. ஆறியிருக்கும்போது தப்பிச்சு ஓடுது. சூடு ஏறினா லேசா உப்புமில்ல, அப்ப சைடுல உரசிப் பிடிச்சுக்கிது. நீ சொன்னது சரிதான் தங்கச்சி, இது சூட்டில எடுக்காது." நான் அப்போதே அழுதிருப்பேன், சந்தோஷத்தில்தான். அதற்குள் அவர் மோட்டார் கூட்டை உருட்டித் துடைத்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார். "அட. இது என் பொட்டு." வரிசையாக மூன்று குழி. பிரித்ததைத் திரும்பப் பூட்டும்போது திசை மாறாமல் இருக்க அவர் ஆணியால் தட்டுகிற அடையாளமாம், மூன்றாகத் தட்டுவது அவர் மட்டும்தானாம். "இது நான் பிரிச்ச மோட்டாரு. ஆமா, இப்பல்ல ஞாபகம் வருது. உன் வீட்டுக்காரன் பாலுச்சாமிதான் கொண்டாந்தான், அவன் ஓட்டிக்கிட்டிருந்தப்ப. சூட்டில நிக்குதுண்ணேன்னு இதே மாதிரி மலையில இருந்து நேரா கொண்டாந்தான். பிரஷ்ஷ மாத்திக் குடுத்து, புஷ்ஷு போகப்போகுது, மறுபடி சூட்டில நின்னா யோசிக்காத, மோட்டார மொத்தமா மாத்திருன்னு சொல்லி விட்டேன். ஏன், அவன் சொல்லலையா?"

அவன் சொல்லலையா. அவர் கேட்டுவிட்டு ஷெல்ஃபில் இருந்து புது மோட்டாரை இறக்கப் போய்விட்டார். நான் டயர் மேல் உட்கார்ந்தேன். சொல்லவில்லை. தெரிந்திருக்கிறது, ஆனால் சொல்லவில்லை. நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் இன்னைக்கும் நின்னுச்சா என்று கேட்பாரே, நின்னுச்சு, தம்பி வந்து எடுத்துக் குடுத்தாரு என்று நான் சொல்லுவேனே, ம் என்பாரே, அந்த ம் எல்லாம் தெரிந்த ம். மறந்திருப்பாரோ, மனுஷன் வலியில் கிடக்கிறார், மாத்திரை வேறு, மறந்திருக்கலாம். மறக்க மாட்டார். எந்த வளைவில் எந்தக் கியர் என்று கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லுகிற ஆள், லாரிக்காரன் ஹாரனை வைத்தே இன்னார் என்று சொல்லுகிற ஆள், மோட்டாரை மறப்பாரா. சந்தைத் திடலில் எனக்கு இந்த ஜீப்பைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், என் கை மேல் தன் கையை வைத்துக் கியர் போட்டுக் காட்டினார், உனக்கு நல்லா வருது லோகு என்றார், அந்தக் கையைத்தான் ராசியில்லை என்றார். சுருளி சொன்னால் எனக்கு உறைக்காது, ஸ்டாண்டே சொன்னாலும் துடைத்துவிட்டுப் போவேன். தெரிந்த ஆள் சொன்னார். கோளாறு இதுதான் என்று தெரிந்த ஒரே ஆள், சோற்றைப் பிசைந்துகொண்டு, என் கையில் இருந்து சாவியைப் பிடுங்கினார். 

புது மோட்டாரைப் பூட்டினார்கள், சுருளிகூட கீழே கிடந்து போல்ட்டைப் பிடித்துக் கொடுத்தான். அண்ணன் எழுந்து, வழக்கம்போல முதல் சாவிக்கு அவனைப் பார்த்தார், அவன் பையில் இருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தான். நான் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை, திருப்பினேன், ஒரே இழுப்பில் எடுத்தது. ரோட்டில் இறங்கி ரங்கநாதபுரம் வரைக்கும் விரட்டிவிட்டு வந்து, சூட்டோடு அணைத்துச் சூட்டோடு போட்டேன். எடுத்தது. மறுபடியும் அணைத்துப் போட்டேன். அப்போது போன் அடித்தது, வீட்டில் இருந்துதான். "தம்பி வந்தானா?" "வந்தாரு." "வண்டி எடுத்துச்சா?" "எடுத்துச்சு." "யாரு போட்டது?" அதைத்தான் கேட்டார். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். "அண்ணன் மோட்டாரப் பிரிச்சாரு. அவரு பொட்டு இருக்கு. சூட்டில எடுக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"  "தெரியும்" என்றார். "தெரிஞ்சிருந்துமா மலையில விட்டீங்க?" "ஒருநாளாச்சும் எங்கிட்ட வந்து கேப்பன்னு பாத்தேன்" என்றார், குரல் கம்மியிருந்தது. "சுருளியக் கேக்குற, பேட்டரிக்கடைக்காரனக் கேக்குற, ரோட்டில போறவனையெல்லாம் கேக்குற. அத்தன வருசம் ஓட்டுனவன் இங்கனதான கெடக்கேன். எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கல நீ." அந்தக் குரல் என்னை எங்கேயோ பிடித்தது. அவ்வளவுதான், ஒரு நிமிஷம்தான். கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்ததே, அது வந்தது. "கேக்கலைன்னா சாகட்டும்னு விட்ருவீங்களா?" "காமுத்தாய் வந்து சொன்னப்புறம் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு லோகு. அதான் நீ எடுக்க வேணாம்னேன்." "அப்பக்கூட மோட்டார்னு சொல்ல வாய் வரல. கைன்னுதான் வந்துச்சு."

 சிக்கந்தர் அண்ணன் ஸ்பானரைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டு நின்றார், சுருளி எலுமிச்சம்பழத்தோடு நின்றான், ரெண்டு பேரும் கேட்காதது போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு பானெட் மேல் வைத்தேன். "தம்பி நிக்கிறாரு. அண்ணனும் நிக்கிறாரு. எது கோளாறுன்னு இப்ப சொல்லுங்க. கைன்னு சொன்ன அதே வாயால சொல்லுங்க. நாளைக்கு வண்டிய யாரு எடுக்குறதுன்னும் சொல்லுங்க." அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஃபேன் சத்தம்தான் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைத்தால் வீட்டுக்குப் போவதில்லை என்றும் நினைத்தேன். "சுருளி" என்றார் கடைசியில். "சொல்லுண்ணே." "செல்ஃபுதான்டா. எனக்கு முந்தியே தெரியும். புஷ்ஷு போனது. ஆறினா யாரு போட்டாலும் எடுக்கும், நீ போட்டாலும் எடுக்கும், மதினி போட்டாலும் எடுக்கும்." கொஞ்சம் இருமினார். "மதினியே எடுக்கட்டும் வண்டிய." நான் போனை அணைத்தேன்.  சுருளி பழத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை விரித்து, அதைப் புதிதாகப் பார்ப்பவனைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டிலில் கிடக்கிற ஆளை நினைத்தால் மட்டும் பாவம் வரவில்லை, எவ்வளவு தேடியும் வரவில்லை, அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன்.